ஆறு கிலோ குறைக்கச் சொல்றாங்க அண்ணே, என்ன பண்ணட்டும்?

கேள்வி: அண்ணே, எனக்கு 18 வயசு. குதிரை ரேஸ் ஓட்டப் பழகுற அப்ரென்டிஸ் ஜாக்கியா சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் 31 ரேஸ் ஓட்டிருக்கேன், அதுல ரெண்டு ஜெயிச்சிருக்கேன். போன ஏழு மாசத்துல மட்டும் ரெண்டு இன்ச் வளந்துட்டேன், காலைல எழுந்ததும் 56 கிலோ காட்டுது. அடுத்த மாசம் ஒரு நல்ல குதிரை தர்றேன், 50 கிலோவுக்கு வந்துடுன்னு ட்ரெய்னர் சொல்லிட்டார். சுடுதண்ணி தொட்டில உக்கார்றேன், பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடுறேன், ரேஸுக்கு முந்தின நாள் மதியத்துலேர்ந்து தண்ணி குடிக்கிறதில்ல. போன வாரம் லாயத்துல குதிரைக்குப் பக்கத்துலயே தலை சுத்தி உக்காந்துட்டேன். வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. எப்படியாவது குறைச்சிடவா, இல்ல இதை விட்டுடவா? இந்த தொழில்ல வாழ்க்கை ஓடுமா? குதிரை இல்லாம என்னால இருக்க முடியாதுண்ணே.

பதில்: தம்பி, மத்ததை எல்லாம் அப்புறம் பேசுவோம், முதல்ல இதை படிச்சு முடிச்சதும் போய் தண்ணி குடி. மொத்தமா ஊத்திக்காம கொஞ்சம் கொஞ்சமா, இன்னைக்கு பொழுது முழுக்க. நாளைக்கே ஒரு டாக்டரைப் பாரு, லாயத்துல தலை சுத்துனதை மறைக்காம சொல்லு, எத்தனை நாளா இப்படி தண்ணி இல்லாம இருக்கேன்னும் சொல்லு, வெயிட் குறையும்னு யாராவது மாத்திரை குடுத்து நீ சாப்ட்டிருந்தா அதையும் சொல்லிடு. நீ லெட்டர்ல மாத்திரை பத்தி எதுவும் எழுதல, ஆனா உன் வயசுப் பசங்க கைல ஒண்ணுக்குப் போக வைக்கிற மாத்திரையை திணிக்கிறதுக்கு இந்த தொழில்ல எப்பவும் யாராவது ஒருத்தர் இருப்பாங்க, அதனாலதான் கேக்கிறேன். அது ஜாக்கிகளுக்கு தடை பண்ணின மருந்து, டெஸ்ட்ல மாட்டுனா ஓட்ட விடமாட்டாங்க, அதெல்லாம்கூட பரவால்ல, உடம்புல இருக்கிற பொட்டாசியத்தை சேர்த்து இழுத்துட்டுப் போய் இதயத்துடிப்பையே தாறுமாறாக்கிடும், அதுதான் எனக்கு பயம்.

நீ உக்காந்த இடத்தையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு. ரேஸுக்குன்னே வளக்கிற தரோபிரெட் ஜாதிக் குதிரை 450லேர்ந்து 500 கிலோ இருக்கும், பக்கத்துல திடுதிப்புனு எது விழுந்தாலும் அது நகரும், அது அதோட குணம், உன் மேல கோவம் எல்லாம் கிடையாது. அன்னைக்கு அது நகரலன்னா அந்தக் குதிரை உன்னை நல்லா பழகி வச்சிருக்குன்னு அர்த்தம். அடுத்த தடவையும் அப்படியே நிக்கும்னு நம்பாத.

நான் 19 வருஷம் ரேஸ் ஓட்டினவன், அதுக்கப்புறம் பத்து வருஷமா உன்ன மாதிரி பசங்களுக்கு ரைடிங் சொல்லிக்குடுக்கிறேன். எப்படியாவது குறைக்கவா இல்ல விட்டுடவான்னு ரெண்டே வழிதான் இருக்குன்னு நினைச்சு கேட்டிருக்க, என்கிட்ட வர்ற பசங்க பாதிப்பேர் இதே மாதிரிதான் கேக்கிறாங்க. உன் எலும்பு எந்த உயரத்துல போய் நிக்கப்போகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், அந்த எலும்புக்கு எந்த எடை நியாயமோ அந்த எடைல ஓடுற ரேஸைத் தேடிப் போகணும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், கீழ இருக்கிறது எல்லாம் அதுக்கான காரணம்.

அந்த 50 கிலோ எங்கேர்ந்து வந்துச்சுன்னு உனக்கு யாராவது கணக்கு போட்டு காட்டினாங்களான்னு தெரியல. ஹேண்டிகேப் ரேஸ்ல நல்லா ஓடுற குதிரைக்கு கூட எடை, சுமாரா ஓடுறதுக்கு கம்மி எடை, எல்லாம் ஒண்ணா வந்து முடிக்கட்டும்னு. இப்ப உன் குதிரைக்கு 54.5 கிலோன்னு வை. நீ அப்ரென்டிஸ், அனுபவம் கம்மின்னு உனக்கு 3 கிலோ அலவன்ஸ் கழிப்பாங்க, 51.5 ஆச்சு. அதுல சேடில்னு சொல்ற சேணம், பூட்ஸ், பேன்ட் எல்லாம் சேர்த்துத்தான் தராசுல ஏறணும், அது ஒரு ஒன்றரை கிலோ போச்சுன்னா உன் உடம்புக்கு மிஞ்சுறது 50. அதாவது அதே குதிரைல ஒரு சீனியர் ஜாக்கி ஏறுனா 53 கிலோ உடம்போட நிம்மதியா ஏறுவார், வளர்ற வயசுல இருக்கிற நீ அவரைவிட 3 கிலோ கம்மியா இருக்கணும். உனக்கு உதவுறதுக்காக வச்ச சலுகையே உன்னை வாட்டுது பாத்தியா, இதை நான் ரொம்ப வருஷமா சொல்லிட்டே இருக்கேன், அப்ரென்டிஸ் பசங்களுக்கு அலவன்ஸ் குடுங்க, ஆனா இவ்வளவு உடம்பு எடைக்கு கீழ இவன் இறங்கக்கூடாதுன்னு ஒரு கோடும் சேர்த்து போடுங்கன்னு. கோடு போடுற வரைக்கும் உன் கோட்டை நீயே போட்டுக்கணும்.

இன்னொரு விஷயம், சுடுதண்ணில உக்காந்து நீ குறைக்கிறது கொழுப்பு கிடையாது. எல்லாம் தண்ணி. அடுத்த நாள் காலைல குடிச்சதும் திரும்ப ஏறிடும், நீ மறுபடியும் தொட்டில உக்காருவ. 56 கிலோ உடம்புல ரெண்டு சதவீதம்னா ஒரு லிட்டருக்கு கொஞ்சம் மேல, அவ்வளவு தண்ணி போனாலே கவனமும் உடம்பு வேகமும் இறங்க ஆரம்பிச்சிடும், நீ ஒரே நாள்ல மூணு நாலு கிலோ இறக்கப் பாக்குற. அயர்லாந்துல ஜாக்கிகளை வச்சு செஞ்ச ஆய்வுகள்லயே நிறைய பேர் ரேஸ் அன்னைக்கு உடம்பு வத்திப்போய்தான் வர்றாங்கன்னும், எலும்பு அடர்த்தி அவங்க வயசுக்கு இருக்க வேண்டியதைவிட கம்மின்னும் வந்திருக்கு. யோசிச்சுப் பாரு, விழுந்து எந்திரிக்கிற தொழில் இது, இதுல இருக்கிறவனுக்கு எலும்பே மெலிஞ்சு கிடந்தா என்ன ஆகுறது. பிரிட்டன்ல ரேஸ்கோர்ஸ்கள்ல ஜாக்கிகளுக்குன்னு சானா, அதாவது வேர்க்க வைக்கிற சூட்டு அறை, வச்சிருந்தாங்க, 2020ல கொரோனா வந்தப்ப மூடினாங்க, 2021ல இனிமே வேண்டவே வேண்டாம்னு நிரந்தரமா எடுத்துட்டாங்க. காலங்காலமா அதுலயே உக்காந்து பழகின ஜாக்கிகள் இருந்தும் எடுத்தாங்கன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்குல்ல.

நானே அனுபவிச்சதை சொல்றேன். எனக்கு அப்ப 24 வயசு. பெரிய ரேஸ், நல்ல குதிரை, ரெண்டு நாள்ல 3 கிலோ வேர்வைல இறக்கிட்டு ஏறுனேன், தராசுல சரியா நின்னப்ப பெருமையா இருந்துச்சு. கடைசி 300 மீட்டர்ல உள்பக்கம் ஒரு இடைவெளி தெரிஞ்சுது, அதுல குதிரையைத் திருப்பினேன். திருப்புறதுக்கு முன்னாடி பின்னாடி வர்றவனுக்கு ரெண்டு குதிரை நீளம் இடம் இருக்கான்னு பாக்கணும், அது உனக்கும் தெரியும், எனக்கும் அன்னைக்கு தெரியும். பாத்தேன்னுதான் நினைச்சேன். வீடியோல பாத்தா நான் தலையைத் திருப்பவே இல்ல. என் குதிரையோட பின்னங்கால் குளம்புல அவன் குதிரையோட முன்னங்கால் தட்டி குதிரை மூக்கு குத்தி விழுந்துச்சு, அவனுக்கு காலர் எலும்பும் மூணு விலா எலும்பும் போச்சு, நாலு மாசம் வேலை இல்ல, அப்ப அவனுக்கு கைக்குழந்தை. குதிரை நல்லவேளையா தானா எந்திரிச்சு ஓடிடுச்சு. ரேஸை விசாரிக்கிற அதிகாரிகளான ஸ்டூவர்ட்ஸ் எனக்கு சஸ்பென்ஷன் குடுத்தாங்க, அது நியாயம். எதுக்கு உன்கிட்ட சொல்றேன்னா, பட்டினி கிடக்கிறது நம்ம உடம்பு நம்ம இஷ்டம்னு எல்லாரும் நினைக்கிறோம். வரிசையா பன்னெண்டு குதிரை 60 கிலோமீட்டர் வேகத்துல முட்டிக்கு முட்டி ஓடுறப்ப, ஒருத்தன் தலை தெளிவா இல்லன்னா அது அவன் சொந்த விஷயமா இருக்க முடியாது.

ஃபிரெட் ஆர்ச்சர்னு ஒருத்தரைப் பத்தி உங்க வகுப்புல சொல்லியிருப்பாங்க. 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல 13 வருஷம் தொடர்ந்து சாம்பியன் ஜாக்கி, 1885ல மட்டும் 246 ரேஸ் ஜெயிச்சார், அந்த ரெக்கார்டை 1933 வரைக்கும் யாராலயும் தாண்ட முடியல. ஜாக்கிக்கு ரொம்ப உயரம் அவர், வாழ்நாள் பூரா வயித்தைக் கட்டித்தான் ஓட்டுனார். 1886ல ஒரு ரேஸுக்காக நாள் கணக்குல சாப்பிடாம கிடந்து எடை இறக்கினார், அது உடம்பை ஒடச்சது, காய்ச்சல் வந்துச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி மனைவியைப் பறிகொடுத்த துக்கமும் மனசுல இருந்துச்சு, நவம்பர்ல தன் உயிரை தானே எடுத்துக்கிட்டார், வயசு 29. பட்டினியும் வறட்சியும் மனசையும் சேர்த்துத்தான் சாப்பிடும் தம்பி. சின்ன விஷயத்துக்கு எரிஞ்சு விழுறது, தூக்கம் வராம கிடக்கிறது, எதுக்குடா இதெல்லாம்னு தோணுறது, இதெல்லாம் உனக்கு இருக்கான்னு உன்னையே கேட்டுப் பாரு. செத்துடலாம்னு ஒரு நொடி தோணுனாகூட அன்னைக்கே வீட்டுல ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்து சொல்லிடு, டாக்டர்கிட்டயும் சொல்லு, ரேஸ் முடியட்டும்னு தள்ளிப்போடாத.

இப்ப உன் எலும்புக்கு வர்றேன். ஏழு மாசத்துல ரெண்டு இன்ச்னா நீ இன்னும் வளந்துட்டு இருக்க. கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ற இடமான வளர்ச்சித் தட்டு மூடிடுச்சா, இன்னும் எவ்வளவு வளர வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் பாத்து சொல்லுவார், சின்ன டெஸ்ட்தான், வலி எதுவும் இல்ல. நல்ல ஜாக்கி ஸ்கூல்கள்ல பசங்களை சேர்க்கிறப்பவே இந்த வளர்ச்சிக் கணக்கைப் பாக்கிறது இதுக்குத்தான். வளர்ச்சி நின்னுடுச்சுன்னு வந்தா ஒரு டயட்டீஷியனை வச்சு, வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல போகாம, எவ்வளவு இறக்குறது நியாயம்னு அவங்க சொல்ற வரைக்கும் இறக்கலாம், என் கண்ணுக்கு உன் உடம்புல ஒரு கிலோ ஒன்றரை கிலோ வேணா இருக்கலாம், ஆறு கிலோ கண்டிப்பா இல்ல. இன்னும் வளரப்போற எலும்புன்னு வந்துச்சுன்னா அதை பட்டினி போட்டு நிறுத்த முடியாது, நிறுத்தப் பாத்தா உயரம் நிக்காது, எலும்போட உறுதிதான் போகும், அது போனா திரும்ப வர்றது கஷ்டம்.

ஸ்டீவ் காதென் கதை உனக்கு ரொம்ப பொருந்தும். அமெரிக்கப் பையன், 1978ல அஃபர்ம்ட்ங்கிற குதிரைல மூணு பெரிய ரேஸையும் ஜெயிச்சு டிரிபிள் க்ரௌன் எடுத்தப்ப அவருக்கு உன் வயசுதான், 18. அடுத்த வருஷமே வளந்துட்டார், எடை ஏறிடுச்சு, வரிசையா நூறு ரேஸுக்கு மேல தோத்தார், நேத்து தூக்கி வச்சு கொண்டாடினவங்க எல்லாம் முடிஞ்சுதுன்னு பேசினாங்க. அவர் எடை கொஞ்சம் தாராளமா இருக்கிற பிரிட்டனுக்குப் போனார். அங்க புல்தரை, மேடு பள்ளம், வளைவு எல்லாமே வேற, முதல்லேர்ந்து கத்துக்கிட்டு 1984, 85, 87ன்னு மூணு தடவை சாம்பியன் ஜாக்கி ஆனார், ரெண்டு தடவை இங்கிலாந்தோட பெரிய ரேஸான டெர்பியும் ஜெயிச்சார். ஆனாலும் எடைச் சண்டை அவரை விடல, முப்பத்திரண்டு வயசு வாக்குல போதும்னு நிறுத்திக்கிட்டார். உடம்புக்கு ஏத்த எடை இருக்கிற இடத்தைத் தேடிப் போனதாலதான் அவருக்கு இன்னொரு பத்து வருஷம் கிடைச்சுது, அந்தப் பத்து வருஷமும் சும்மா கிடைக்கல, ரெண்டையும் சேர்த்துப் பாரு.

இப்ப நீ என்கிட்ட இங்கிலாந்து ஜாக்கி லெஸ்டர் பிகட்டைக் காட்டுவ. அவரும் உயரம்தான், 9 டெர்பி ஜெயிச்சார், ஆயுசு பூரா பசியோட இருந்தார், ஓய்வு எடுத்துட்டு 1990ல 54 வயசுல திரும்பி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள அமெரிக்காவுல பிரீடர்ஸ் கப் மைல்ங்கிற பெரிய ரேஸை ஜெயிச்சார். உண்மைதான். ஆனா அவரை மாதிரி பசியோட கிடந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள கிட்னி கெட்டு, பல்லு கெட்டு, பேர் தெரியாம வீட்டுக்குப் போன பசங்களோட எண்ணிக்கை எந்த ரெக்கார்டுலயும் இருக்காது. எனக்கு அவங்க முகம்தான் ஞாபகம் வரும்.

சரி, குதிரை இல்லாம இருக்க முடியாதுன்னு எழுதியிருக்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். 31 ரேஸ்ல ரெண்டு ஜெயிச்சது ஒரு அப்ரென்டிஸுக்கு மோசமே இல்ல, ஏன்னா உலகத்துலயே பெரிய ஜாக்கிகள்கூட அஞ்சுக்கு நாலு ரேஸ் தோத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறாங்க. ரைடிங்னா என்னன்னு உனக்கு புரிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் எனக்கு ஆசை. 1890கள்ல டாட் ஸ்லோன்னு ஒரு அமெரிக்க ஜாக்கி அங்கவடியை சுருக்கிக்கட்டி, முட்டியை மடக்கி, குதிரையோட கழுத்துக்கு மேல குனிஞ்சு ஓட்டுனார், இங்கிலாந்துல முதல்ல குச்சில உக்காந்த குரங்குன்னு கேலி பண்ணாங்க, அவர் ஜெயிக்க ஜெயிக்க எல்லாரும் அப்படியே மாறிட்டாங்க. அந்த உக்காருற முறை வந்த காலத்துல ரேஸ் நேரம் 5லேர்ந்து 7 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஏன்னும் அதுலயே கண்டுபிடிச்சாங்க. குதிரை ஒவ்வொரு எட்டுக்கும் மேல கீழ, முன்ன பின்னன்னு ஆடுது. சேடில்ல பொத்துனு உக்காந்தா அந்த ஆட்டத்துல எல்லாம் உன்னையும் அது தூக்கிட்டுப் போகணும். முட்டியும் கணுக்காலும் ஸ்பிரிங் மாதிரி வேலை செஞ்சா குதிரை உனக்குக் கீழ ஆடும், நீ காத்துல ஒரே கோட்டுல போவ. உன் எடையை அது சுமக்குது, ஆனா எட்டுக்கு எட்டு உன்னைப் புடிச்சு இழுத்து தள்ளுற வேலை அதுக்கு இல்ல. செகண்டுக்கு ரெண்டு எட்டுக்கும் மேல வைக்குது, ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு, நீ தப்பா அசைஞ்சா அந்த மூச்சுலயே இடிக்கிற. இதுக்குத்தான் தொடை எரியுது, இதுக்குத்தான் ஜாக்கியோட இதயம் ரேஸ்ல உச்சத்துல அடிக்குது. தண்ணி இல்லாத தசையால இந்த ஸ்பிரிங் வேலையை கடைசி 200 மீட்டர் வரைக்கும் செய்யவே முடியாது, அங்கதான் நீ பொத்துனு உக்காருவ, அங்கதான் ரேஸ் போகும். ரெண்டு கிலோ குறைச்சு குதிரைக்கு நல்லது செஞ்சேன்னு நினைப்ப, கடைசில நீயே அதுக்கு பாரம் ஆகிடுவ.

பலம்னா கை முரடுன்னு நினைக்கிற பசங்களுக்கு நான் ரேச்சல் பிளாக்மோரைக் காட்டுவேன், இங்கிலாந்துல தடை தாண்டி ஓடுற கிராண்ட் நேஷனல் ரேஸை 2021ல ஜெயிச்ச முதல் பெண், நாலு மைலுக்கும் மேல, 30 தடை, அந்த ரேஸ் வீடியோவைப் போட்டு அவங்க கை எவ்வளவு சும்மா இருக்குன்னு மட்டும் பாரு. எத்தனை தடைல குதிரையை தன் போக்குல விட்டாங்க, எங்க மட்டும் கேட்டாங்க. சாட்டையை எடுக்கிறதுக்கு முன்னாடி கத்துக்க வேண்டியது அது.

இதுல வாழ்க்கை ஓடுமான்னு கேட்டிருக்க, நேரா சொல்லிடுறேன். விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு ட்ராக்வொர்க், அதாவது குதிரைக்கு பயிற்சி ஓட்டம், மழையோ பனியோ. ரேஸ்ல ஏறுறதுக்கு ஒரு ஃபீஸ் உண்டு, கடைசியா வந்தாலும் வரும், ஆனா உண்மையான காசு ஜெயிச்சாத்தான். அமெரிக்காவுல ஜெயிக்கிற குதிரைக்கு வர்ற பரிசுல சுமார் 10 சதவீதம் ஜாக்கிக்கு, அதுலயும் ரேஸ் புடிச்சுக் குடுக்கிற ஏஜென்ட்டுக்கு கிட்டத்தட்ட கால்வாசி போயிடும். மாசச் சம்பளம்னு எதையும் நம்பி கடன் வாங்காத, சேத்து வை. அப்புறம் உனக்கு இப்ப யாரும் சொல்லாத ஒரு விஷயம், அலவன்ஸ் போற நாள். பிரிட்டன்ல 20 ஜெயிக்கிற வரைக்கும் 7 பவுண்டு எடை, அதாவது சுமார் 3 கிலோ, 50 வரைக்கும் 5, 95 வரைக்கும் 3, அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது, மத்த இடங்கள்லயும் இப்படித்தான் படிப்படியா போகும். அது இருக்கிற வரைக்கும் ட்ரெய்னருங்க கூப்பிடுவாங்க, போன மறுநாள் உன்னையும் சாம்பியனையும் ஒரே தராசுல வச்சுப் பாப்பாங்க, நல்லா ஓட்டிட்டு இருந்த பசங்க அந்த ஒரு வருஷத்துலதான் காணாமப் போறாங்க. அதைத் தாண்டுறது எடையால முடியாது தம்பி, ட்ரெய்னர் நம்புறதாலதான் முடியும். இறங்கினதும் குதிரை எப்படி ஓடுச்சுன்னு மழுப்பாம சொல்றவனை, வலப்பக்கம் சாயுது, மூச்சு சத்தம் வருது, இதுக்கு தூரம் இன்னும் கொஞ்சம் கூட வேணும்னு சொல்லத் தெரிஞ்சவனை அவங்க விடவே மாட்டாங்க. பந்தயம் கட்டுறவங்க சகவாசம் மட்டும் வேண்டாம், இந்தக் குதிரை இன்னைக்கு எப்படின்னு சும்மா கேக்கிறவன்தான் நாளைக்கு வேற ஒண்ணு கேப்பான்.

விழுறதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். செக்ரடேரியட்ங்கிற குதிரையை 1973ல ஓட்டி டிரிபிள் க்ரௌன் எடுத்த ரான் டர்காட், 1978ல ஒரு சாதாரண ரேஸ்ல விழுந்து இடுப்புக்குக் கீழ செயல் இல்லாமப் போனார், வாழ்க்கை முழுக்க சக்கர நாற்காலி. அவர் பண்ணின தப்பு எதுவும் இல்ல. ஹெல்மெட் ஒரு தடவை நல்லா அடி வாங்கிட்டா பாக்க நல்லா இருந்தாலும் மாத்திடு, தலைல அடிபட்டா டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஏறாத, கேக்கிறவங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லாத, விழுறப்ப கையை ஊன்றாம சுருண்டு உருளுறதை மெத்தைல தினமும் பழகு. உடம்பை வத்த வச்சிட்டு இருக்கிற ஆபத்தோட இன்னொண்ணையும் சேர்த்துக்காதன்னுதான் மறுபடியும் அதே இடத்துக்கு வர்றேன்.

எக்ஸ்ரேல இன்னும் மூணு இன்ச் வளருவேன்னு வந்தா என்னன்னு ராத்திரி தூங்காம யோசிப்ப. அப்பவும் குதிரை உன்னை விட்டுப் போகாது. தடை தாண்டுற ஜம்ப் ரேஸ் இருக்கு, பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் அதுல கம்மி எடையே 63, 64 கிலோகிட்ட, 20 வருஷம் தொடர்ந்து சாம்பியனா இருந்து 4,358 ரேஸ் ஜெயிச்ச டோனி மெக்காய் கிட்டத்தட்ட 5 அடி 10 இன்ச். அது வேற கலை, வேற ஆபத்து, வெளிநாடு போகணும், எல்லாருக்கும் கிடைக்காது, ஒத்துக்கிறேன். ஆனா ட்ராக்வொர்க் ரைடரா இருக்கிறதுக்கு 50 கிலோ தேவையே இல்ல, பெரிய லாயங்கள்ல 65 கிலோ ஆளுங்க தினமும் அஞ்சாறு குதிரை ஓட்டுறாங்க, சாம்பியன் குதிரையை வாரத்துல ஆறு நாள் யாரு ஓட்டுறான்னு நினைக்கிற, ஜாக்கி ரேஸ் அன்னைக்கு ரெண்டு நிமிஷம்தான் ஏறுறார். அங்கேர்ந்து அசிஸ்டென்ட் ட்ரெய்னர், அப்புறம் ட்ரெய்னர். ஃபிரெடி ஹெட்னு பிரெஞ்சுக்காரர், மியெஸ்க்ங்கிற குதிரைல 1987லயும் 88லயும் பிரீடர்ஸ் கப் மைல் ஜெயிச்ச ஜாக்கி, இருபது வருஷம் கழிச்சு கோல்டிகோவாங்கிற குதிரையைத் தயார் பண்ணி அதே ரேஸை 2008, 2009, 2010ன்னு மூணு தடவை ஜெயிச்சார், ட்ரெய்னரா. எந்தக் குதிரை எப்ப தயாராகும்னு அவருக்கு தெரிஞ்சது முதுகு மேல உக்காந்திருந்த வருஷங்கள்ல. உன்னோட ஒன்றரை வருஷமும் அப்படித்தான், வீணாப் போகாது.

ட்ரெய்னர்கிட்ட எப்படி சொல்றதுன்னு கேக்கல நீ, ஆனா அதுதான் உனக்கு பெரிய பயம்னு எனக்கு தெரியும், நல்ல குதிரை கைநழுவிப் போயிடும்னு. டாக்டர் பேப்பரைக் கைல வச்சுக்கிட்டு, காலை வேலை எல்லாம் முடிஞ்சு அவர் தனியா இருக்கிறப்ப போ, நின்னு பேசு. "சார், நான் 54.5 கிலோ உடம்போட நல்லா ஓட்டுவேன், 50க்கு வந்தா உங்க குதிரைக்கு என்னால நியாயம் பண்ண முடியாது, எனக்கு போன வாரம் தலை சுத்திச்சு"ன்னு சொல்லு. ரேஸ் நடத்துற உங்க கிளப் விதில ஓவர்வெயிட் எவ்வளவு அனுமதின்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோ, அரை கிலோ ஒரு கிலோ கூடுதலா ஏத்துறதுக்கு சம்மதிக்கிற ட்ரெய்னருங்க இருக்காங்க. கூட எடை போட்டிருக்கிற குதிரைங்க இருந்தா அதுல குடுங்கன்னு கேளு, 59, 60 கிலோ விழுற குதிரைல உன் அலவன்ஸ் கழிச்சா உன் உடம்புக்கு அது சரியா பொருந்தும், அந்த மாதிரி குதிரைல அலவன்ஸ் வச்சிருக்கிற பையன் கிடைக்கிறது ட்ரெய்னருக்கும் லாபம்தான், அதை எடுத்துச் சொல்ற அளவுக்கு நீ கணக்கு தெரிஞ்சவனா இரு. நல்ல மனுஷனா இருந்தா புரிஞ்சுக்குவார். கத்துனார்னா கத்தட்டும். அந்த ஒரு குதிரை போகலாம், லாயத்துல இன்னும் நாப்பது இருக்கு. தலை சுத்துனதைக் கேட்டும் 50ன்னு நிக்கிறவர்கிட்ட நீ இருக்க வேண்டாம், வேற லாயத்துக்கு மாத்திக்குடுங்கன்னு கிளப்ல கேக்க உனக்கு உரிமை இருக்கு.

அம்மா அப்பாகிட்ட இன்னைக்கு ராத்திரியே சொல்லிடு. எடையைப் பத்தி முழுசா விளக்க வேண்டாம், போன வாரம் மயக்கம் வந்துச்சு, நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன், கூட வாங்கன்னு சொன்னா போதும்.

எக்ஸ்ரே ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுது. இப்ப இருக்கிற உயரம், ஒரு வாரம் ஒழுங்கா சாப்ட்டு தண்ணி குடிச்சதுக்கப்புறம் காலைல இருக்கிற எடை, ரெண்டையும் குறிச்சு அனுப்பு. நீ ஓட்டுன கடைசி அஞ்சு ரேஸ் வீடியோ இருந்தா அதையும் அனுப்பு, கடைசி 200 மீட்டர்ல உன் முதுகு எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்.